32 வருடம் அடுக்கு பிரிவதையே ஆராய்ந்தாராம், இப்படி ஒரு வேலைக்குப் போகலாமா?

கேட்டவர்: கரைவாசி22

வணக்கம். குளச்சல் பக்கம் நம்ம வீடு. ஊர்ப் பெயர் வேண்டாம், சொன்னால் பத்து நிமிடத்தில் யார் மகன் என்று கண்டுபிடித்து அம்மாவுக்கு போன் போட்டுவிடுவார்கள். மாவட்டத்துக்குள்ளேயே ஒரு தனியார் கல்லூரியில் ஏரோநாட்டிக்கல் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா முன்பு கடலுக்குப் போனார். முதுகு போன பிறகு கரையிலேயே இருந்து ஃபைபர் வள்ளங்களுக்கு ஓட்டை அடைக்கிறார். மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பு, அதை நனைத்து இறுக வைக்கிற ரெசின், ரோலர், கிரைண்டர் எல்லாம் எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் கிடக்கும். சின்ன வயதில் இருந்தே ரெசின் வாடை எனக்குப் பழகிவிட்டது, வீட்டுக்கு வருகிறவர்களுக்குத்தான் தலைவலி வரும்.

போன மாதம் கல்லூரியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்து பேசினார். விண்வெளிப் பொறியியல் துறையில், நாரும் ரெசினும் சேர்த்துச் செய்கிற காம்போசிட் பொருட்களையும் அவற்றால் செய்கிற இறக்கை, வால், தொட்டி மாதிரியான கட்டமைப்புகளையும் 32 வருடம் ஆராய்ந்தவராம். ராக்கெட் படமாகக் காட்டுவார் என்று நினைத்து உட்கார்ந்திருந்தோம். அவர் காட்டியது ஒரே ஒரு படம். விரல் அகலத்துக்கு ஒரு கருப்புப் பட்டை, ஒரு முனையில் இரண்டாகப் பிளந்து, பல்லி வாயைத் திறந்த மாதிரி. "இந்த வாய் எப்போது திறக்கும், எவ்வளவு தூரம் திறக்கும், திறக்காமல் இருக்க என்ன செய்யலாம். என் சர்வீஸ் முழுக்க இதுதான்" என்றார். எனக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசையும் தூங்கிவிட்டது. பின்னால் ஒருத்தன் "32 வருஷமா இத மட்டுமாலே பாத்தாரு?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. அவர் சிரித்தார்.

எனக்கு அந்தப் படம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. கேட் தேர்வில் மதிப்பெண் மோசமில்லை, எம்.டெக் கிடைத்தால் அப்படியே பிஎச்.டி வரை போகலாம். துபாயில் இருக்கிற மாமா ஏசி டக்ட் போடுகிற ஒரு கம்பெனியில் சொல்லி வைத்திருக்கிறார், விசா வரும், ஏறி வா என்கிறார். அம்மா அவர் பக்கம். அப்பா வாயே திறக்கவில்லை.

ஒரு காம்போசிட் பேராசிரியர் காலையில் எழுந்து போய் உண்மையில் என்னதான் செய்கிறார்? ஒரே சங்கதியை 30 வருடம் பார்த்தால் அது முடிந்துபோகாதா, நான் போகும்போது மிச்சம் ஏதாவது இருக்குமா? சம்பளம், வயது, கல்யாணம் எல்லாம் எப்படி என்று அம்மா கேட்கச் சொன்னார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: தக்கலை_ஓய்வு

தம்பி, நான் பேராசிரியர் இல்லை. தக்கலைக்காரன். திருவனந்தபுரத்தில் ராக்கெட் மோட்டாருக்கு உறை சுற்றுகிற பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றேன். பேராசிரியர்கள் அங்கே வந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

இஸ்ரோவின் பிஎஸ்எல்வி ராக்கெட்டில் மூன்றாவது நிலை திட எரிபொருள் மோட்டார். அதன் உறை இரும்பு இல்லை, கெவ்லார் நாரை ரெசினில் நனைத்துச் சுற்றியது. மேலே போகப் போக ஒரு கிலோ குறைந்தாலும் லாபம், கடைசியில் சுற்றுப்பாதைக்குப் போகிற செயற்கைக்கோளுக்குத்தான் அந்த எடை மிச்சம் சேரும். சுற்றும்போது நடுவில் இருக்கிற உருளைப் பகுதியில் பிரச்சினை கிடையாது. இரண்டு முனையிலும் குடம் மாதிரி வளைந்த இடம் இருக்கிறதே, அங்கேதான் நூல் வழுக்கும். நீ பம்பரம் விட்டிருப்பாய். சாட்டையை ஆணியில் இருந்து சுற்றிக்கொண்டு வரும்போது ஒரு குறிப்பிட்ட சாய்வில் சுற்றினால் பிடித்து நிற்கும், கொஞ்சம் மாறினால் மொத்தமும் சரிந்து கையோடு வந்துவிடும். அதே கதைதான். அந்த இடத்து ஆரத்தையும், நூல் சாய்ந்திருக்கும் கோணத்தின் சைனையும் பெருக்கினால் வளைவில் எங்கே பார்த்தாலும் ஒரே எண் வர வேண்டும், அப்போதுதான் நூல் தானாக நிற்கும். கிளேரோ என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டுப் போன கணக்கு. எங்களுக்கு அந்தப் பெயரெல்லாம் தெரியாது, "நூல் நிக்குது, நிக்கல" இவ்வளவுதான்.

ஒரு பேராசிரியர் வருவார். வந்தால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காலையில் இருந்து சாயங்காலம் வரை சுற்றுவதையே பார்ப்பார், பேச மாட்டார். சாயா கொடுத்தால் அது ஆறிப்போய்க் கிடக்கும். போகும்போது மட்டும், முனையில் வெட்டிப் போட்ட கழிவுத் துண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பார். எங்களுக்கு அது குப்பை. ஆறு மாதம் கழித்து ஒரு அறிக்கை வரும், குறுக்கே வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்த படங்களோடு, எந்த அடுக்குக்கு நடுவில் காற்றுக் குமிழ் மாட்டியிருக்கிறது, நூல் இழுவிசையை எவ்வளவு கூட்டினால் அது போகும் என்று. அவர் என்ன செய்கிறார் என்று கேட்டாய் அல்லவா, நான் பார்த்தது இதுதான்.

இன்னொன்று. 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன் நம்ம மேலகாட்டுவிளைக்காரர். எல்லோரும் அவரைக் கிரையோஜெனிக், அதாவது உறைகுளிர் எரிபொருள் என்ஜின் ஆள் என்றுதான் சொல்வார்கள். 1984இல் சேர்ந்த புதிதில் நாலரை வருடம் போல அவர் பார்த்தது திட எரிபொருள் பிரிவில், காம்போசிட் மோட்டார் உறை, மோட்டாரைப் பற்றவைக்கிற இக்னைட்டரின் உறை, நெருப்பு வெளியேறுகிற வாயான, வெப்பத்தில் கரிந்து தன்னைக் காத்துக்கொள்கிற நாசில் என்று இந்த வேலைதான். அவருக்கு முன்பே தலைவராக இருந்த சிவன் சரக்கல்விளை. உன் மாமாவிடம் இதையும் சொல்லிப் பார்.


பதில்: கணவாய்_காத்து

நான் ஆரல்வாய்மொழி. காற்றாலை பிளேடு ரிப்பேர். ஐடிஐ படிப்பு, ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

முப்பந்தல் பக்கம் பஸ்ஸில் போகும்போது வரிசையாகச் சுற்றுகிறதே, அந்த பிளேடு எல்லாம் உங்கள் அப்பா வள்ளத்தின் அண்ணன் தம்பிதான். கண்ணாடி நாரும் ரெசினும். உள்ளே சில இடத்தில் பால்சா கட்டை, ஃபோம். பழைய 225 கிலோவாட் மெஷினுக்கு சுழல்கிற வட்டமே 27 மீட்டர்தான், இப்போது வருகிறதில் ஒரு பிளேடே அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம். இரண்டு பாதி ஓடுகளைத் தனித்தனியாக வார்த்து, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஒரு பலகையை நிறுத்தி, பசை வைத்து மூடுவார்கள். மாங்கொட்டையை இரண்டாகப் பிளந்து திரும்பச் சேர்த்து ஒட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கிறதும் அதே இடத்தில்தான், மெலிந்த பின் ஓரம்.

சீசன் காற்று மே கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அந்த நேரம் மெஷினை நிறுத்தினால் முதலாளிக்கு நஷ்டம், ஆகவே விசில் அடிக்கிற பிளேடையும் அப்படியே ஓட விடுவார்கள். ஆமாம், பின் ஓரம் வாய் திறந்தால் பிளேடு விசில் அடிக்கும், கீழே நின்றே சொல்லிவிடலாம். சீசன் முடிந்து கயிற்றில் தொங்கிப் பார்த்தால் ஒரு சாண் இருந்தது இரண்டு ஆள் நீளத்துக்குப் போயிருக்கும். எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. ஏன் சில பிளவு அப்படியே நிற்கிறது, சிலது மட்டும் ஓடுகிறது? பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி.

ஒரு வருடம் ஒரு பேராசிரியரும் இரண்டு பையன்களும் வந்தார்கள். கழற்றிப் போட்ட பழைய பிளேடில் ஒரு துண்டு வேண்டும் என்றார்கள். இங்கே பழைய பிளேடுக்குப் பஞ்சமா, உருக்கவும் முடியாது, எரித்தால் புகை, காட்டோரம் திமிங்கலம் செத்துக் கிடக்கிற மாதிரி கிடக்கும். அறுத்துக் கொடுத்தோம். பெரியவர் அதைத் துணியில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனார், கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார். அவரிடம்தான் என் சந்தேகத்தைக் கேட்டேன். அவர் தரையில் குச்சியால் கோடு போட்டுச் சொன்னது எனக்குப் புரிந்த அளவில்: பிளவு முன்னால் நகர ஒவ்வொரு அடிக்கும் ஒரு விலை இருக்கிறது. பிளேடு வளையும்போது சேர்கிற சக்தி அந்த விலையைக் கொடுக்கும் அளவுக்கு வந்தால் ஓடும், வராவிட்டால் நிற்கும். அந்த விலை எவ்வளவு என்று பொருளுக்குப் பொருள் அளந்து வைப்பதுதான் அவர் வேலையாம். ஈரம் பட்டால் விலை மாறுமா, ரெசினை மாற்றினால் கூடுமா என்று அது போய்க்கொண்டே இருக்குமாம்.

அன்றைக்குப் பிறகு விசிலைக் கேட்டாலே எனக்கு அந்தக் கோடுதான் ஞாபகம் வருகிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த பையன்கள் இரண்டு பேரும் அதுவரை ஒரு பிளேடைத் தொட்டதே இல்லை. கிரைண்டரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாது. நீங்கள் போனால் அங்கே ராஜா.


பதில்: வெறும்_வாத்தியார்

எல்லோரும் இனிப்பாகவே எழுதுகிறீர்கள், கொஞ்சம் காரமும் வேண்டும்.

நான் இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் மெக்கானிக்கல் நடத்தி முடி நரைத்தவன். காம்போசிட் ஆராய்ச்சி என்ற பெயரில் இங்கே நடப்பதில் பாதி என்ன தெரியுமா? வாழை நார். மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டம், தடலுக்குக் குறைச்சல் இல்லை. நாரை உரி, 5 சதவீதக் காஸ்டிக் சோடா கரைசலில் ஊறப்போடு, எபாக்ஸி என்ற ரெசினில் வார், இழுத்துப் பார், வளைத்துப் பார், உடைத்துப் பார், மூன்று வரைபடம், ஒரு கட்டுரை. அடுத்த வருடம் அன்னாசி நார். அதற்கு அடுத்த வருடம் தென்னை நார். கடைசி வரியில் "வாகனங்களிலும் விமானங்களிலும் பயன்படும்" என்று ஒன்று இருக்கும். எந்த விமானத்தில் ஐயா வாழை நார்? தண்ணீரைக் குடித்து ஊதும், ஒரு மரத்து நாரும் அடுத்த மரத்து நாரும் ஒன்று போல இருக்காது. அதையெல்லாம் உட்கார்ந்து ஆராய்ந்தால் நல்ல ஆராய்ச்சிதான், ஆனால் அதைச் செய்ய வருடக்கணக்கில் ஆகும், இவர்களுக்கு மார்ச்சுக்குள் கட்டுரை வேண்டும். நானும் இரண்டு எழுதியிருக்கிறேன், மறைக்கவில்லை.

ஆக மகனே, தலைப்பைப் பார்த்து மயங்காதே, கையைப் பிடித்து நடத்தப்போகிறவர் யார் என்று பார். அவரிடம் முடித்துப் போன நாலு பேரைத் தேடிப் பிடித்து போன் பண்ணு. எத்தனை வருடத்தில் விட்டார், சோதனைக் கருவி அவருடைய லேபிலேயே இருக்கிறதா அல்லது ஊர் ஊராகக் கடன் கேட்டு அலைய வேண்டுமா, திட்டப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேள். இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம், பாதுகாப்புத் துறையின் வானூர்தி ஆராய்ச்சி வாரியம், இந்த மாதிரி இடங்களில் இருந்து பணம் வருகிறதென்றால் கேட்கிற கேள்வி உண்மையான கேள்வியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அம்மாவுக்கான கணக்கு. எம்.டெக்கில் கேட் உதவித்தொகை மாதம் 12,400. பிஎச்.டி சேர்ந்தால் முதல் இரண்டு வருடம் 37,000, அப்புறம் 42,000, 2023இல் இருந்து இந்த அளவு, வீட்டு வாடகைப்படி தனி. ஐந்து ஆறு வருடம். பிறகு வெளிநாட்டிலோ உள்நாட்டிலோ ஒன்றிரண்டு வருடம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டிக்குப் பிந்தைய தற்காலிக ஆராய்ச்சி வேலை. ஐஐடியில் முதல் கிரேடு உதவிப் பேராசிரியராக நுழைந்தால் அடிப்படைச் சம்பளமே 1,01,500, ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும்போது வயது 32, 33 ஆகியிருக்கும், அந்த நாற்காலிகளும் எண்ணி வைத்ததுதான். கிடைக்காவிட்டால் என்ன என்பதற்கும் ஒரு பதில் வைத்துக்கொள். தனியார் கல்லூரிக்குத் திரும்பி வந்தால் என் கதைதான். அதில் மூன்று மாதம் சம்பளம் வராத கதையும் உண்டு, அதை இங்கே எழுத வேண்டாம்.


பதில்: ஐந்தாம்_வருடம்

சாரின் காரம் சரிதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். நான் மார்த்தாண்டம், இப்போது வடக்கே ஒரு இடத்தில் இதே பிரிவில் பிஎச்.டி, பெயரிலேயே வருடம் இருக்கிறது. தம்பி பார்த்த பல்லி வாய்ப் படம்தான் என் தினசரி வாழ்க்கை, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கார்பன் நார் ஒன்றின் தடிமன் 7 மைக்ரான் போல. ஒரு அடுக்கில் எல்லா நாரும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். நார் போகிற திசையில் இழுத்தால் சாதாரண கார்பன் எபாக்ஸி 1500 மெகாபாஸ்கல் தாங்கும், குறுக்கே இழுத்தால் 50ஐத் தாண்டுவதே கஷ்டம். முப்பது மடங்கு வித்தியாசம். அதனால்தான் ஒரு அடுக்கை நீளவாக்கில், அடுத்ததைச் சாய்வாக, அடுத்ததைக் குறுக்காக என்று மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள், எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒரு நார் தாங்கும். ஆனால் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில்? அங்கே நாரே கிடையாது. ரெசின் மட்டும். ஓலைப்பாயைப் பத்து எண்ணம் அடுக்கிப் பசை போட்ட மாதிரி. பாய் கிழியாது, பசை விடும். அந்தப் பேராசிரியர் 32 வருடம் பார்த்தது இந்தப் பசை விடுகிற இடத்தைத்தான்.

சோதனை எப்படி என்றால், 24 அடுக்கு வைக்கிறோம் என்று வை, பன்னிரண்டாவதற்கும் பதின்மூன்றாவதற்கும் நடுவில் ஒரு ஓரத்தில் டெஃப்லான் தாள் ஒன்றைச் செருகுவோம். 13 மைக்ரானுக்கு மேல் தடிமன் கூடாது, தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு. மூச்சு விட்டால் பறக்கும், நான் முகமூடி போட்டுக்கொண்டு வைப்பேன். ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் வெந்து வந்த பிறகு 25 மில்லிமீட்டர் அகலப் பட்டைகளாக அறுத்து, தாள் இருக்கிற முனையில் இரண்டு பக்கமும் கீல் ஒட்டி, மெஷினில் மாட்டி, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று இழுக்க வேண்டும். விரிசல் எங்கே இருக்கிறது என்று கருப்புப் பட்டையில் கண்ணுக்குத் தெரியாது இல்லையா, அதற்கு ஓரத்தில் என்ன பூசுவோம் தெரியுமா, பள்ளிக்கூடத்தில் தப்பாக எழுதினால் பூசுவோமே வெள்ளை மை, அதேதான். சர்வதேசத் தர ஏட்டிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அதன் மேல் மில்லிமீட்டருக்கு ஒரு கோடு. பிறகு லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், விரிசல் ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது விசை எவ்வளவு என்று குறிக்க வேண்டும். கணவாய் அண்ணன் சொன்ன விலை இப்படித்தான் கிடைக்கிறது. நம்பினால் நம்பு, சில நாள் அந்த விரிசல் அரை மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருந்து, நான் தண்ணீர் குடிக்கத் திரும்பின கணத்தில் நாலு கோடு தாண்டிவிடும்.

முடிந்துபோகாதா என்று கேட்டாய். 1970இல் ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 விமான என்ஜினுக்கு கார்பன் நார் விசிறி இறக்கை செய்தது. எடை குறைவு, கணக்கெல்லாம் சரி. பறவை மோதினால் என்ன ஆகும் என்று சோதித்தபோது நொறுங்கிவிட்டது. டைட்டானியத்துக்கு மாறினார்கள். ஏற்கெனவே அந்த என்ஜினுக்கான செலவு எகிறிக்கொண்டிருந்தது, 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலாகி அரசு எடுத்துக்கொண்டது. அதே கார்பன் இறக்கை, வேறு நிறுவனத்தின் ஜிஇ90 என்ஜினில், பயணிகள் விமானத்தில் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது 1995இல். நடுவில் 25 வருடம். அந்த 25 வருடத்தில் உலகம் முழுக்க எத்தனையோ லேபில் எத்தனையோ பேர் பட்டையைப் பிளந்தும், தட்டின் மேல் குண்டைப் போட்டும், கணக்குப் போட்டும் கழித்திருக்கிறார்கள், ஒருத்தர் பெயரும் வெளியே தெரியாது. அந்தப் பின் வரிசைப் பையனிடம் இதைச் சொல்.

2001 நவம்பரில் நியூயார்க்கில் ஒரு ஏர்பஸ் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் அதன் வால் துடுப்பு கழன்று விழுந்து 265 பேர் இறந்தார்கள். துடுப்பு காம்போசிட். உடனே எல்லோரும் பொருளைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆறு இடத்தில் உடம்போடு பிணைத்திருந்த கொக்கிகளை அடுக்கடுக்காகப் பிரித்து ஆராய்ந்த பிறகுதான் தெரிந்தது, துணை விமானி சுக்கானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி மிதித்ததில் வடிவமைப்புக்கு மேலான பாரம் ஏறியிருக்கிறது, அந்தப் பாரத்துக்கு அது உடைய வேண்டியதுதான், உடைந்தது. பொருள் குற்றவாளி இல்லை என்று சொல்லவும் அதைப் படித்தவர்கள் வேண்டும்.

மிச்சம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பணகுடி பக்கம் மகேந்திரகிரி, அங்கே என்ஜின் சோதனையில் திரவ ஹைட்ரஜன் புழங்குகிறது, மைனஸ் 253 டிகிரி. அதைச் சுமக்கிற தொட்டியை காம்போசிட்டில் செய்துவிட்டால் எடை எவ்வளவோ மிச்சம். அமெரிக்காவில் எக்ஸ்33 என்று ஒரு விண்கலத்துக்குச் செய்து பார்த்தார்கள். 1999 நவம்பரில் தரையில் சோதித்தபோது, சுவரில் முடியளவு விரிசல் வழியாக ஹைட்ரஜன் உள்ளே இருந்த தேன்கூட்டு அறைகளுக்குள் புகுந்து, தொட்டி சூடேறும்போது ஆவியாகி விரிந்து, வெளித்தோலை அப்படியே உரித்துவிட்டது. 2001இல் திட்டத்தையே மூடினார்கள். குளிரில் ரெசின் ஒரு மாதிரி சுருங்கும், நார் வேறு மாதிரி, விரிசல் எங்கே தொடங்கும் என்பதில் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. நான் அதில்தான் இருக்கிறேன்.

என் கைடு என்ன செய்கிறார் என்றும் சொல்லிவிடுகிறேன். காலையில் இறுதி ஆண்டு வகுப்பு. அப்புறம் சிக்கிக் கிடக்கிற பிரீபிரெக், அதாவது முன்பே ரெசினில் நனைத்த நார்த்தாள் பார்சலைப் பற்றி சுங்கத் துறைக்குக் கடிதம், அது ஃப்ரீசரில் இருக்க வேண்டிய சரக்கு, வெளியில் கிடந்தால் தானாக இறுகிக் குப்பையாகிவிடும், அதை அந்த அதிகாரிக்குப் புரியவைப்பதே ஒரு ஆராய்ச்சி. மத்தியானம் எங்களில் ஒருத்தரின் கட்டுரையைச் சிவப்பு மையில் குளிப்பாட்டுவார். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் லேபுக்கு வந்து, "இன்னைக்கு எது உடைஞ்சுது, காட்டு" என்பார். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் முகத்தில் வெளிச்சம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் அலுவலகக் குமாஸ்தா மாதிரிதான்.

கல்யாணம் பற்றி என் அம்மாவும் கேட்கிறார். பதில் கிடைத்தால் உன் அம்மாவுக்கும் அனுப்புகிறேன்.


பதில்: கரைவாசி22

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்னபடி இரண்டு பேருக்கு போன் போட்டேன், ஒருத்தர் எடுத்தார், ஒரு மணி நேரம் பேசினார். கணவாய் அண்ணா, அந்த விலைக் கதையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதியே ஆக வேண்டும். விமானத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று நாணயத்தால் தட்டிப் பார்ப்பார்கள் என்று எங்கள் பாடத்தில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கரையில் ஒரு வள்ளம் ரிப்பேருக்குக் கிடந்தது, பாறையில் இடித்தது, வெளியே பார்த்தால் கைப்பிடி அளவுக்குத்தான் காயம். 5 ரூபாய் காசை எடுத்து நான் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "காசு சின்னது, காத்துல சத்தம் போயிரும்" என்று சொல்லி, உளியைத் திருப்பி அதன் மரப்பிடியால் தட்டினார். டக், டக், டக் என்று வந்துகொண்டே இருந்த சத்தம் ஒரு இடத்தில் பொத் என்றது. சாக்பீஸால் புள்ளி வைத்தார். இப்படியே சுற்றி வந்து புள்ளிகளைச் சேர்த்தால், கைப்பிடி அளவுக் காயத்தைச் சுற்றி ஒரு பெரிய பலாக்கொட்டை வடிவம், முழம் நீளம். பிறகு கிரைண்டர் போட்டார். உள்ளே பிரிந்த இடமெல்லாம் பால் மாதிரி வெளுத்துத் தெரிந்தது. அவர் போட்ட கோட்டுக்கும் அந்த வெளுப்பின் ஓரத்துக்கும் எங்கேயும் ஒரு இஞ்சுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியாம ஒட்டினா அடுத்த மாசம் திரும்ப கொண்டுவருவான், காசு தர மாட்டான்" என்றார். அவர் ஒட்டுகிற ஒட்டு எப்போதும் வட்டமாக இருக்கும், மூலை வைக்கவே மாட்டார், ஓரத்தையும் படிப்படியாகச் சரித்துத்தான் தேய்ப்பார். சதுரமாக வெட்டி ஒட்டினால் மூலையில் இருந்துதான் முதலில் கிளம்பும் என்கிறார். இந்த ஓரத்து அழுத்தத்தைப் பற்றி எங்கள் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது, நான் அதில் பெயிலாகி இரண்டாம் தடவை எழுதினேன்.

எம்.டெக் விண்ணப்பம் போட்டுவிட்டேன். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.


பதில்: கணவாய்_காத்து

சதுர ஒட்டு போடுகிற கான்ட்ராக்டர் ஒருத்தன் இங்கேயும் உண்டு. உங்கள் அப்பாவை ஒரு நாள் ஆரல்வாய்க்கு அனுப்புங்கள், பஸ் காசு நான் தருகிறேன்.


பதில்: ஐந்தாம்_வருடம்

தம்பி, அந்த வெளுத்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டீர்களா? பிரிந்த இடத்தின் ஓரம் சேர்ந்தாற்போல், நல்ல இடமும் கெட்ட இடமும் ஒரே துண்டில் வருகிற மாதிரி ஒரு பட்டை வேண்டும். 25 மில்லிமீட்டர் அகலம், ஒரு சாண் நீளம் போதும். கடலில் வருடக்கணக்கில் ஊறிய லேமினேட், அதாவது அடுக்கி ஒட்டிய பொருள், இங்கே யாரிடமும் கிடையாது, நாங்கள் உப்புத் தண்ணீர் வாளியில் மூன்று மாதம் போட்டு வைத்து அதையே பெரிதாக எழுதுகிறோம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருவேன், வந்து வாங்கிக்கொள்கிறேன். எந்த வருடம் கட்டிய வள்ளம், என்ன ரெசின், எத்தனை மேட் என்று அப்பாவிடம் கேட்டு எழுதி வை.


பதில்: கரைவாசி22

அக்கா, இரண்டு துண்டு இருந்தது. ஒன்று என்னிடம் இருக்கிறது. இன்னொன்றை அப்பா அன்றைக்கே கோழிக்கூட்டுக்குக் கூரையாக வைத்து ஆணி அடித்துவிட்டார். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று கேட்டதற்கு, மழை முடியட்டும் என்கிறார்.